கை படாத பாட்டு

அத்தியாயம் பதினான்கு

போன கிழமை அத்தியாயத்தை, வடிவம்மா ஒரு கொப்பித் தாளோடு வந்து படலையைத் திறந்த இடத்தில் நிறுத்தியிருந்தோம். யதுர்ஷிகா பெரியபிள்ளையானதற்காக ஞாயிற்றுக்கிழமை நடக்கப்போகும் சாமத்திய வீட்டில் யார் எதைச் செய்வது என்ற பட்டியல் அந்தத் தாளில் இருந்தது. தண்ணீர் வார்ப்பது தாய்மாமன் முத்துலிங்கம். விளக்குப் பிடித்து முன்னால் நடப்பது தகப்பனின் அக்கா, மாமி வடிவம்மா. ஆலாத்தி எடுக்கச் சோடி சோடியாகப் பத்துப் பெண்கள். எல்லாவற்றுக்கும் கீழே, இடம் போதாமல் நெருக்கி எழுதியிருந்தது: அருந்ததி, குசினி.

பெற்றவளுக்கு அடுப்படிக் குசினி. காரணம் எல்லோருக்கும் தெரியும். சமாதானம் வந்த வருசம் கனகராயன்குளத்துக்குத் திரும்பி, பற்றை வெட்டி வயலை வெளியாக்கப் போன பரமலிங்கம் மிதிவெடியில் போய்ச்சேர்ந்து மூன்று வருசமாகிறது. புருசன் இல்லாதவள் நல்ல காரியத்தில் முன்னுக்கு நிற்கக்கூடாதாம். அந்த வெடியைப் புதைத்தவன் யாரென்று ஊருக்கு இன்றுவரை தெரியாது. தண்டனை யாருக்கு என்பது மட்டும் நன்றாகத் தெரிந்திருந்தது.

தாளைப் படித்ததும் அருந்ததி அழுவாள் என்று எதிர்பார்த்து வடிவம்மா ஆறுதல் வார்த்தைகளையும் தயாராகக் கொண்டு வந்திருந்தாள். அருந்ததி அழவில்லை.

"பாட்டுப் போடுறது ஆரெண்டு எழுதேல்லையே மச்சாள். ஸ்பீக்கர்காரன் கோயில் திருவிழாவுக்குப் போறானாம். நான் என்ர கொம்பியூட்டரில போட்டுவிடுறன்" என்றாள்.

வடிவம்மா யோசித்தாள். பாட்டில்லாமல் ஒரு சாமத்திய வீடா? ஊர் சிரிக்கும். "போடு. ஆனா நல்ல நேரத்தில உன்ர கை அதில படக்கூடாது. சொல்லிப்போட்டன்."

"படாது மச்சாள். கரண்ட் வந்தாக் காணும், அது தன்ர பாட்டில பாடும். ஒருத்தரும் தொடத் தேவையில்லை."

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் இன்று விடிந்திருக்கிறது.

*

கொம்பியூட்டர் என்றவுடன் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் மினுங்குகிற சாமானை நினைக்கவேண்டாம். கிளிநொச்சியில் பெண்களுக்கென்று ஆறு மாதம் நடத்திய வகுப்பில் அருந்ததி பொருத்தப் பழகினாள். பிறகு வவுனியாவுக்குப் போகும் போதெல்லாம் ஒவ்வொரு பாகமாக வாங்கி வந்தாள். ஓமந்தைச் சோதனைச் சாவடியில் அவளுடைய பையைக் கிண்டாத நாளில்லை. ஒருமுறை ஒரு சிப்பாய் மதர்போட்டை எடுத்து மூக்கருகே கொண்டுபோய் மணந்தும் பார்த்தான். பெட்டியின் ஒரு பக்க மூடி கிடைக்கவேயில்லை. எண்ணெய்த் தகரத்தை வெட்டி நிமிர்த்தி அந்தப் பக்கத்தை அடைத்திருந்தாள்.

தாலியில்லாதவளுக்கு இதெல்லாம் என்னத்துக்கு என்று ஊர் கேட்டது. அவளுக்கு அது பிடித்திருந்தது. அதற்கு மேல் ஒரு காரணம் அவளிடம் இல்லை, தேடவும் இல்லை.

நேற்றுப் பின்னேரம் அவள் செய்த வேலை சின்னதுதான். கொம்பியூட்டர் எழும்பியதும் முதலில் எட்டிப் பார்க்கிற 'ஸ்டாட்-அப்' என்றொரு இடம் அதற்குள் இருக்கிறது. அங்கே எதை வைத்தாலும், யாரும் கேட்காமலே எடுத்து நடத்தும். பாட்டுப் போடுகிற பிளேயரையும் அதற்குரிய பாட்டுப் பட்டியலையும் அவள் அங்கே கொண்டுபோய் வைத்தாள். பெட்டியின் சுவிச் பழைய மாதிரி, அழுத்தினால் அழுந்தியபடியே நிற்கும். ஆகவே முத்துலிங்கம் ஜெனரேற்றரை இழுத்துவிட்டால் போதும். கரண்ட் வரும், கொம்பியூட்டர் எழும்பும், பிளேயர் திறக்கும், பாட்டு வரும்.

பட்டியலில் முதலாவது நாதஸ்வரம். இரண்டாவதாக என்ன இருக்கிறது என்பது அருந்ததிக்கு மட்டும்தான் தெரியும். வியாழக்கிழமை பகல், எல்லோரும் கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில், சின்ன மைக் ஒன்றைக் கொழுவி வைத்து அவள் அதைப் பதிந்திருந்தாள்.

*

காலை ஏழு மணிக்கு வடிவம்மா புதுச் சேலைச் சரசரப்போடு அறைக்குள் வந்தாள். கொம்பியூட்டரை மேலும் கீழும் பார்த்தாள்.

"கை படத் தேவையில்லை எண்டனி. அப்ப இது என்னத்துக்கு?" என்று கீபோட்டைக் காட்டினாள்.

"அது எழுதுறதுக்கு மச்சாள்."

"இண்டைக்கு எழுதுறதுக்கு ஒண்டும் இல்லை." வயரைப் பிடுங்கினாள். கீபோட்டையும் மௌசையும் ஒரு துவாயில் சுற்றி இடுக்கிக்கொண்டாள். மொனிற்றரையும் ஒருமுறை தூக்கிப் பார்த்தாள், அது அசையவில்லை. "இந்தப் பாரத்தை ஆர் தூக்கிறது! இது கிடக்கட்டும்."

"எங்க கொண்டு போறியள்?"

"யதுவின்ர அறைக்குள்ள வைக்கிறன். நீ அங்க வரமாட்டாய்தானே. இண்டைக்குப் பிள்ளை நல்ல முகங்களிலதான் முழிக்க வேணும்."

வடிவம்மா கெட்டவள் அல்ல. தம்பி செத்தபோது முப்பத்தொரு நாளும் இந்த வீட்டில் கிடந்து சமைத்துப் போட்டவள். அருந்ததிக்குக் காய்ச்சல் வந்தால் முதலில் ஓடி வருகிறவளும் அவள்தான். சம்பிரதாயம் என்ற சொல் வாயில் வந்துவிட்டால் மட்டும் அவளுக்குக் கண் தெரியாது. கெட்டவர்களோடு சண்டை பிடிப்பது சுலபம். இப்படிப்பட்டவர்களோடுதான் மனுசர் களைத்துப்போகிறார்கள்.

நல்ல முகம் என்ற சொல் அருந்ததிக்கு நெஞ்சில் இறங்கியது. மகளை அவள் நேற்று இரவு பார்த்ததுதான். இன்று இன்னும் பார்க்கவில்லை.

ஏழரைக்கு ஒத்திகை. கிணற்றடியில் நின்று முத்துலிங்கம் ஜெனரேற்றரின் கயிற்றை இழுத்தான். மண்ணெண்ணெய்ப் புகை கக்கிக்கொண்டு அது உறுமியது. அறையில் மொனிற்றர் வெளிச்சமானது. ஒரு 'பீப்'. பிறகு கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் வந்து, அப்படியே நின்றுவிட்டன.

"என்ன தங்கச்சி, பாட்டைக் காணேல்லை?" முத்துலிங்கம் யன்னலால் எட்டிப் பார்த்தான்.

"கீபோட் இல்லையாம் அண்ணை. தொடர வேணுமெண்டா எஃப் ஒண்டை அழுத்தட்டாம்."

"எஃப் ஒண்டு எங்க கிடக்கு?"

"கீபோட்டில."

முத்துலிங்கம் இரண்டு நிமிசம் யோசித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தான். அருந்ததிக்குச் சிரிப்பு வரவில்லை. இல்லாத ஒன்றைச் சொல்லிக் குற்றம் பிடிப்பதும், அந்த இல்லாததைக் கொண்டே பரிகாரம் செய்யச் சொல்வதும் அவளுக்குப் புதிதல்ல. மூன்று வருசமாக மச்சாளிடம் கேட்டுப் பழகிய நியாயம்தான். அதை ஒரு தகரப் பெட்டியும் சொல்லும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

இதற்கு வழி இருந்தது. உள்ளே ஒரு இடத்தில் போய்ச் சொல்லிவிட்டால், கீபோட் இல்லாவிட்டாலும் பெட்டி எழும்பும். ஆனால் அதைச் சொல்வதற்கும் ஒருமுறை கீபோட் வேண்டும்.

"மச்சாளிட்டக் கேக்கட்டோ?" என்றான் முத்துலிங்கம். தங்கைக்கும் வடிவம்மாவுக்கும் நடுவில் மூன்று வருசமாக நொண்டிக்கொண்டிருக்கும் மனுசன் அவன். யாரிடமும் முகம் முறிக்கத் தெரியாது.

"வேண்டாம் அண்ணை. நீங்கள் கரண்டை நிப்பாட்டாமல் வைச்சிருங்கோ."

அருந்ததி வீட்டைச் சுற்றிக்கொண்டு மகளின் அறை யன்னலடிக்குப் போனாள். யன்னலுக்கு உள்ளே சேலை ஒன்று திரையாகத் தொங்கியது. திரையை விலக்க அவள் கை போகவில்லை. பயம் இல்லை. இன்றைக்கு மகளை முதன்முதலாகப் பார்ப்பது கள்ளத்தனமாக இருப்பதில் அவளுக்கு விருப்பமில்லை.

"யது."

"அம்மா!" குரல் கட்டிலிலிருந்து துள்ளி யன்னலுக்கு வந்தது. "ஏனம்மா உள்ளுக்கு வரேல்லை? விடிஞ்சதிலயிருந்து பாத்துக்கொண்டிருக்கிறன்."

"மாமி வரவேண்டாமெண்டவா."

"அவா சொன்னா நீங்கள் கேக்கிறதே?"

அருந்ததி குரலைத் தாழ்த்தினாள். "துவாயில சுத்தினபடி கீபோட் கிடக்கும், எடுத்துத் தா குஞ்சு. ஐஞ்சு நிமிசத்தில திருப்பித் தாறன்."

திரைக்குக் கீழால் கீபோட் வந்தது. அதைப் பிடித்திருந்த மருதாணிக் கை, தாயின் விரல்களைப் பற்றிக்கொண்டு விடமாட்டேனென்று நின்றது.

"அம்மா, நீங்கள் இண்டைக்குப் பாட மாட்டியளே? மீனம்மா அன்ரியின்ர மகளின்ர சாமத்திய வீட்டில நீங்கள்தானே வாழ்த்துப் பாடினீங்கள். ஊரில எல்லாப் பிள்ளையளுக்கும் பாடினீங்கள். எனக்கு மட்டும் இல்லையா?"

"கையை விடு பிள்ளை. மாமி வந்திடுவா."

கை விட்டது. அந்தக் கேள்வி விடவில்லை.

அறைக்கு ஓடி வந்து கீபோட்டைக் கொழுவினாள். நீலத் திரையைத் திறந்து, தேடிப் பிடித்தாள். எந்தெந்தப் பிழைக்கு நிற்பது என்று பெட்டி கேட்கிற இடம். 'எல்லாப் பிழைக்கும்' என்று இருந்தது. அதை மாற்றி, 'எந்தப் பிழைக்கும் நிற்காதே' என்று வைத்தாள். வைத்துவிட்டு அந்த வரியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று.

கீபோட் திரும்ப யன்னலால் உள்ளே போனது. முத்துலிங்கம் கரண்டை நிறுத்தி மறுபடி இழுத்தான். இந்த முறை பெட்டி ஒன்றும் கேட்கவில்லை. தானே எழும்பி, தானே பிளேயரைத் திறந்து, வேப்பமரத்தில் கட்டிய இரவல் ஸ்பீக்கரில் நாதஸ்வரத்தை எடுத்து ஊதியது. கிணற்றடியில் நின்ற பெண்கள் கை தட்டினார்கள்.

"பரவாயில்லையே!" என்றாள் வடிவம்மா. அவளுக்கே பெருமையாக இருந்தது. "சரி, காணும், நிப்பாட்டு." முத்துலிங்கம் ஜெனரேற்றரை நிறுத்தினான். வடிவம்மா அறைக் கதவைச் சாத்திப் பூட்டி, திறப்பைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டாள். "இனி ஆற்ற கையும் படாது. நீ போய்ச் சோத்தைப் பார்."

*

ஒன்பதே முக்காலுக்கு நல்ல நேரம். தண்ணீர் வார்த்து முடிந்தது. குசினி யன்னல் கம்பிகளுக்கு இடையால் பந்தல் முழுக்கத் தெரிந்தது. அருந்ததி கையில் அகப்பையோடு நின்றாள்.

முத்துலிங்கம் கயிற்றை இழுத்தான். ஜெனரேற்றர் உறுமியது. வீடியோக்காரரின் லைற் பளிச்சென்று பற்றியது. பாட்டு வரவில்லை.

ஒரு நிமிசம் போயிற்று. இரண்டு. விளக்கோடு நின்ற வடிவம்மா குசினிப் பக்கம் திரும்பி முறைத்தாள். அருந்ததிக்கு அப்போதுதான் விளங்கியது. ஒழுங்காக மூடாமல் கரண்டை நிறுத்தினால், மறுமுறை எழும்பும்போது அந்தப் பெட்டி முதலில் தன் உடம்பைத் தானே தடவிப் பார்க்கும். விழுந்தெழும்பியவன் எலும்பு முறிந்திருக்கிறதா என்று பார்ப்பது போல. காலையில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே கரண்டை நிறுத்தியாயிற்று. இப்போது ஆறுதலாகத் தடவிக்கொண்டிருக்கிறது, சனியன்.

"எழும்படா" என்று அவள் அடிக்குரலில் சொன்னாள்.

எழும்பியது. நாதஸ்வரம் முழங்கியது. பெண்களின் முகமெல்லாம் மலர, வடிவம்மா விளக்கை ஏந்தி நடக்கத் தொடங்கினாள். அவளுக்குப் பின்னால் நிறைகுடம். அதற்குப் பின்னால் யதுர்ஷிகா, கத்தரிப்பூ நிறக் கூறைச் சேலையில், சொல்லிக்கொடுத்தபடி தலையைக் குனிந்துகொண்டு வந்தாள். என்ர பிள்ளை எவ்வளவு வளர்ந்துவிட்டது என்று அருந்ததி கம்பியோடு முகத்தை ஒட்டிப் பார்த்தாள். மகளின் முகத்தைத்தான் பார்க்க முடியவில்லை.

பந்தல் வாசலுக்கு வந்தபோது நாதஸ்வரம் முடிந்தது. ஸ்பீக்கர் ஒரு தரம் மூச்சு விட்டது. பிறகு பாடியது.

குளம் நிறைந்த மாரியிலே
குடம் நிறையப் பிறந்தவளே
தலை குனிய வேண்டாமடி
தாயிருக்கேன் நட மகளே

கனகராயன்குளத்தில் அந்தக் குரலைத் தெரியாதவர்கள் கிடையாது. மூன்று வருசமாகக் கேளாத குரல். கதைத்துக்கொண்டிருந்தவர்கள் வாயை மூடினார்கள். மீனம்மா கையிலிருந்த தட்டத்தைக் கீழே வைத்துவிட்டு வேப்பமரத்தை அண்ணாந்து பார்த்தாள். யதுர்ஷிகா நடையை நிறுத்தி, மெல்லத் தலையை நிமிர்த்தினாள்.

வடிவம்மாவின் முகம் சிவந்தது. திறப்பு அவளுடைய சேலைத் தலைப்பில்தான் இருந்தது. ஆனால் விளக்கோடு முன்னால் நடக்கிறவள் இடையில் திரும்பக்கூடாது, அதுவும் சம்பிரதாயம். இரண்டு கையிலும் விளக்கு. அவள் நேரே பார்த்தபடி பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்:

"முத்துலிங்கம், நிப்பாட்டு அதை!"

"அக்கா, கரண்டை நிப்பாட்டினா லைற் போயிடும். வீடியோவில ஒண்டும் விழாது" என்று வீடியோக்காரர் பதறினார்.

"விழாட்டிப் போகட்டும்! பிள்ளைக்கு ஏதும் ஒண்டு நடந்தா நீயே பொறுப்பு? நிப்பாட்டு எண்டுறன்!"

முத்துலிங்கம் குசினி யன்னலைப் பார்த்தான். வடிவம்மாவைப் பார்த்தான். அருந்ததி, வேண்டாம் அண்ணை, என்று தலையை அசைத்தாள். அவன் பார்வையைத் தாழ்த்திக்கொண்டு ஜெனரேற்றருக்குக் குனிந்தான்.

பாட்டு அறுந்தது.

சொந்த அண்ணன். மச்சாள் செய்தால் அருந்ததி தாங்கியிருப்பாள். இதைத் தாங்க முடியவில்லை. யாரோ ஒரு கிழவி "நல்ல நேரம் போகுது" என்று முணுமுணுத்தாள்.

பெட்டி செய்யக்கூடியதைச் செய்துவிட்டது. கை படவில்லை, நான் தொடவில்லை, அது தானாகப் பாடியது என்று பின்னேரம் சொல்லித் தப்பிக்கலாம் என்றுதான் அவளும் நினைத்திருந்தாள். அந்தத் தப்பித்தல் இப்போது அவளுக்கே அருவருப்பாக இருந்தது. மகளுக்கு வாழ்த்துச் சொல்ல எதற்கு ஒளிவு? அடுப்பிலிருந்த கறியை இறக்கி வைத்தாள். அகப்பையைக் கழுவிக் கொழுவினாள். கையைத் துடைத்துக்கொண்டு குசினிக்கு வெளியே வந்தாள்.

பந்தலுக்குள் கால் வைக்கும்போதே பாடத் தொடங்கிவிட்டாள். அறுந்த இடத்திலிருந்து.

பதிந்த குரலில் நடுக்கம் இருக்கவில்லை. இதில் இருந்தது. முதல் இரண்டு வரிக்கு நடுங்கியது. பிறகு பழைய அருந்ததி வந்துவிட்டாள். பாடிக்கொண்டே ஆட்களுக்கு நடுவால் நடந்து மகளுக்கு முன்னால் போய் நின்றாள். யதுர்ஷிகா அழுதுகொண்டு சிரித்தாள். அன்றைக்கு முதல் தடவையாகத் தாய் மகளின் முகத்தைப் பார்த்தாள்.

பாட்டு முடிந்தது. அருந்ததி ஆலாத்தித் தட்டத்தில் கை வைத்தாள்.

"தொடாதை!" என்றாள் வடிவம்மா. "ஆலாத்தி எடுக்க ரெண்டு பேர் வேணும். உன்னோட ஆர் எடுக்கிறது? நான் எடுக்கமாட்டன். இஞ்ச நிக்கிற ஒருத்தியும் எடுக்கமாட்டாள்."

"அப்ப நான் தனிய எடுக்கிறன் மச்சாள். பெத்ததும் தனியத்தான். பங்கருக்குள்ள, ஷெல் விழேக்க. அண்டைக்கு ஒருத்தரும் என்ர கையைப் பாக்கேல்லை."

ஒருவரும் அசையவில்லை. பிறகு மீனம்மா செருமிக்கொண்டு எழும்பி வந்தாள். நெற்றியில் பெரிய குங்குமம், கழுத்தில் தாலிக்கொடி; பட்டியலில் முதலாவது சோடியில் ஒருத்தி.

"என்ர பிள்ளைக்கு இவதானே பாடினவ. பிடி அருந்ததி, உந்தப் பக்கத்தை" என்றாள்.

இரண்டு பேருமாகத் தட்டத்தை ஏந்தி யதுர்ஷிகாவுக்கு முன்னால் சுற்றினார்கள். இரண்டாவது சுற்றில் கிணற்றடியிலிருந்து ஜெனரேற்றரின் சத்தம் கேட்டது. வீடியோ லைற் பளிச்சென்று வந்தது. முத்துலிங்கம் கையில் கயிற்றோடு நிமிர்ந்து நின்றான். இம்முறை அவன் வடிவம்மாவைப் பார்த்து உத்தரவு கேட்கவில்லை.

வடிவம்மா விளக்கை நிறைகுடத்துக்குப் பக்கத்தில் பக்குவமாக வைத்தாள். அதை அணையவிடவில்லை, அது அவளுடைய குணம். சேலைத் தலைப்பிலிருந்த திறப்பை அவிழ்த்துப் பாயில் போட்டாள். செருப்பைக் கொழுவிக்கொண்டு படலைவரை போய், திரும்பினாள்.

"இது எங்கட அப்பாவுக்கு அரசாங்கம் குடுத்த காணி, அருந்ததி. பேமிற் இண்டைக்கும் அவற்ற பேரிலதான் கிடக்கு. பரமலிங்கத்தின்ர பேருக்கு மாத்தேல்லை. வெள்ளிக்கிழமை காணிக் கந்தோர் அதிகாரி ஐயாவோட வாறன். அதுக்குப் பிறகு ஆர் எங்க நிக்கிறதெண்டு பாப்பம்."

பந்தல் முழுக்க அருந்ததியைத் திரும்பிப் பார்த்தது. பேமிற் என்கிற காணிப் பத்திரம் இன்னும் மாமனார் பேரில் கிடப்பது அவளுக்குத் தெரியாது. பரமலிங்கம் ஒருநாளும் சொன்னதில்லை. ஆனாலும் தட்டத்தைப் பிடித்த கையை அவள் எடுக்கவில்லை. மூன்றாவது சுற்றையும் முழுதாகச் சுற்றி முடித்து, திருநீற்றை எடுத்து மகளின் நெற்றியில் தன் கையாலேயே பூசினாள். அதற்குப் பிறகுதான் படலைப் பக்கம் பார்த்தாள்.

"வாங்கோ மச்சாள். குசினிப் பக்கம் வரவேண்டாம், நேர முன்வாசலால வாங்கோ. நான் அங்கதான் நிப்பன்."